எடுக்கும் உரிமைக்கு எல்லை எது? வீட்டு அடைமானமும் ரிச்மண்ட் நகரமும்

தனியாருக்கு உரிய உடைமையை, அவர் இசைவு இல்லாமலேயே, பொதுத் தேவைக்காக இழப்பீடு கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசின் மேலுரிமை என்கிறோம். டச்சுச் சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸ் 1625-இல் வெளியிட்ட நூலில் இவ்வதிகாரத்திற்குப் பெயரிட்டு விளக்கம் தந்தார். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டமும் சிங்கப்பூரின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கருத்தின் வழியே அமைந்தவை. சாலைக்கும் இரயில் பாதைக்கும் நிலம் எடுக்கப்படுவதை நாம் அறிவோம். நிலத்தைப் போலவே ஒருவர் கொடுத்த கடனையும் அரசு எடுத்துக்கொள்ளலாமா? அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை சில உள்ளாட்சி அமைப்புகள் எழுப்பிய இவ்வினாவை இங்கு ஆராய்வோம்.

எடுக்கப்படுவது எது?

தமிழில் ஒற்றி, அடைமானம் என இரு சொற்கள் உண்டு. ஒற்றியில் கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் கைவசம் வைத்து அதன் பயனை நுகர்வார். இன்றைய வீட்டு அடைமானத்திலோ கடன் வாங்கியவரே வீட்டில் வாழ்கிறார். கொடுத்தவரிடம் இருப்பது தவணைகளைப் பெறும் உரிமையும், தவணை தவறினால் வீட்டை விற்கும் உரிமையும் மட்டுமே. நாம் பேசப்போகும் திட்டம் வீட்டையோ நிலத்தையோ எடுப்பதன்று. இந்தப் பெறும் உரிமையை எடுப்பதாகும்.

ரிச்மண்டின் துயரம்

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் உள்ளது ரிச்மண்ட். இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்டியும், பின்னர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நம்பியும் வாழ்ந்த உழைப்பாளர் நகரம் அது. 2007-க்குப் பின் வீட்டு விலைகள் சரிந்தபோது, வீட்டின் மதிப்பைவிடக் கடன் மிகுதியாகிப் பல குடும்பங்கள் தவித்தன. இத்தகைய வீடுகளை ‘மூழ்கிய வீடுகள்’ என்று அமெரிக்கர் குறிப்பிட்டனர்.

மேயர் கெய்ல் மெக்லாக்லின் தலைமையிலான நகராட்சி, ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துடன் இணைந்து, 2013 ஜூலையில் 624 அடைமானக் கடன்களை விலைக்குக் கேட்டுக் கடிதம் அனுப்பியது. விற்க மறுத்தால் மேலுரிமையைப் பயன்படுத்தவும் கூடும் என்றது.

திட்டத்தின் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவோம். கடன் 300,000 டாலர். வீட்டின் இன்றைய மதிப்பு 200,000 டாலர். நகராட்சி அக்கடனை 160,000 டாலருக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்திற்கு 190,000 டாலரில் புதிய கடன் ஏற்பாடு செய்யும். குடும்பத்தின் சுமை 110,000 டாலர் குறையும். இடையில் எஞ்சும் 30,000 டாலர், திட்டத்தை நடத்துவோருக்கும் அதற்குப் பணம் இட்டோருக்கும் செல்லும்.

ஆதரிப்போர் வாதம்

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் தகாது. இக்கடன்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டப்பட்டு, பத்திரங்களாகப் பல முதலீட்டாளருக்கு விற்கப்பட்டிருந்தன. கடனைக் குறைக்க அவர்கள் அனைவரையும் இசைய வைப்பது அரிது. ஆகவே, முடிச்சை அவிழ்க்க அரசால் மட்டுமே இயலும் என்று சட்டப் பேராசிரியர் இராபர்ட் ஹாக்கெட் போன்றோர் வாதிட்டனர். தொட்டறிய இயலாத உடைமையையும் அரசு எடுக்கலாம் என்று 1982-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஓக்லண்ட் நகரம் ஒரு காற்பந்துக் குழுவை எடுக்க முயன்ற வழக்கில் கூறியிருந்தது. எனினும் அம்முயற்சி, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்திற்கு ஊறு செய்யும் என்று 1985-இல் தடுக்கப்பட்டது.

நாம் மறுப்பதற்கான காரணங்கள்

முதலாவது, இழப்பீடு. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் ‘பொதுப் பயன்பாடு’, ‘நியாயமான இழப்பீடு’ என இரு நிபந்தனைகளை விதிக்கிறது. மேற்கண்ட கணக்கில் ஆதாயம் பிறப்பதே கடனைக் குறைந்த விலைக்கு எடுப்பதால்தான். முழு மதிப்பும் கொடுத்தால் திட்டத்தில் ஆதாயமில்லை. ஆதாயம் இருந்தால் விலை நியாயமானதா என்ற ஐயம் எழும். 2012-இல் சான் பெர்னார்டினோ மாவட்டத்திற்கு முன்வைக்கப்பட்ட முதல் திட்டமோ, தவணை தவறாமல் கட்டப்பட்டு வந்த கடன்களையே நாடியது. ஒழுங்காகப் பணம் வந்துகொண்டிருக்கும் கடனை, வீட்டின் மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு எடுப்பதை நியாயம் என்று சொல்வது கடினம்.

இரண்டாவது, பொதுப் பயன்பாடு. 2005-இல் கீலோ வழக்கில், நியூ லண்டன் நகரம் வளர்ச்சித் திட்டத்திற்காக வீடுகளை எடுத்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வீடுகள் போயின, திட்டமிட்ட வளர்ச்சியோ வரவில்லை, நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. அதன்பின் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்தின. அரசின் அதிகாரம் தனியார் ஆதாயத்தோடு கைகோக்கும் இடத்தில் விழிப்பு வேண்டும் என்பதே அதன் பாடம்.

மூன்றாவது, சுமை எவர்மீது விழுகிறது என்பது. பத்திரங்களை வைத்திருந்தோருள் ஓய்வூதிய நிதிகளும் இருந்தன. அந்நிதிகளின் பின்னே முதிய ஆசிரியரும் தொழிலாளரும் இருக்கின்றனர். மேலும், கடன் ஒப்பந்தத்தை இடையில் எடுத்துக்கொள்ளும் நகரத்தில் அடுத்த கடனைக் கொடுப்பவர் மிகுந்த வட்டி கேட்பார், அல்லது கொடுக்கவே மறுப்பார். அப்போது வருந்தப்போகிறவர் இனி வீடு வாங்க வரும் எளிய குடும்பத்தினர். ரிச்மண்ட் 2013 ஆகஸ்டில் நகராட்சிப் பத்திரங்களை விற்க முயன்றபோது வாங்குவார் முன்வராதது இதற்கோர் அறிகுறி.

நிகழ்ந்ததும் எஞ்சியதும்

வங்கிகள் வழக்குத் தொடுத்தன. நகராட்சி இன்னும் எதையும் எடுக்கவில்லையாதலால் வழக்கு காலத்திற்கு முந்தியது என நீதிமன்றம் தள்ளியது. நகரமன்றம் 2013 செப்டம்பரில் 4-க்கு 3 என்ற வாக்கில் திட்டத்தைத் தொடர இசைந்தது. ஆனால் கடன்களை எடுக்க ஏழில் ஐந்து வாக்குகள் வேண்டும், அவை கிட்டவில்லை. 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய செலவினச் சட்டம், இவ்வாறு எடுக்கப்படும் கடன்களுக்கு மத்திய அரசின் காப்புறுதி கிடைக்காதவாறு தடுத்தது. ஒரு கடனும் எடுக்கப்படாமலே திட்டம் ஓய்ந்தது.

திட்டம் ஓய்ந்ததால் துயரம் ஓய்ந்துவிடவில்லை. மறுப்போருக்கும் இங்கு ஒரு கடமை உண்டு. பொதுமக்கள் அனைவரும் ஏற்கவேண்டிய சுமையைச் சிலர்மீது மட்டும் சுமத்தலாகாது என்பது 1960-இல் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. மூழ்கிய வீடுகளைக் காப்பது பொதுக் கடமை என்றால், அதற்கான செலவும் பொதுப் பணத்திலிருந்தே வரவேண்டும். 2010-இல் மத்திய அரசு, வீட்டு விலை மிகச் சரிந்த மாநிலங்களுக்கென ஒதுக்கிய நிதி அவ்வழியைச் சார்ந்தது. குடும்பம் வாழும் வீட்டின் அடைமானத்தை நொடிப்பு நீதிமன்றம் குறைப்பதைத் தடுக்கும் விதியைத் திருத்துவதும் நேரிய வழியே. அங்கு இரு தரப்பும் நீதிபதியின் முன் பேசலாம்.

நோக்கம் நல்லதாயின் எவ்வழியும் நல்லதாகுமா என்ற வினாவை வகுப்பறையில் எழுப்ப ரிச்மண்ட் பொருத்தமான பாடம். ஓர் உடைமை எடுக்கப்படுவதைப் பற்றி மாணவர் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்கப் பழகட்டும்: எடுக்கப்படுவது எது? அதன் விலையைக் குறிப்பவர் யார்? அவ்விலை குறைந்தால் ஆதாயம் அடைபவர் யார்? பின் இரண்டு வினாக்களுக்கும் விடை ஒருவரே என்றால், அங்கு இழப்பீடு நியாயமாக அமைவது அரிது.