ரப்பர் விலையும் தடையற்ற சந்தையும்

விலை ஏறினால் மகிழ்வதும் இறங்கினால் கலங்குவதும் தோட்டப்புற மக்களுக்குப் புதிதன்று. எங்கள் சாஆ வட்டாரத்தில் இன்று செம்பனைக் குலையின் விலையை விசாரிப்பது போலவே, நம் முன்னோர் ரப்பர் விலையை விசாரித்தனர். விலை வீழும்போது அரசாங்கம் தலையிட வேண்டுமா, சந்தை தானே சீர்ப்படும் என்று விட்டுவிட வேண்டுமா? பொருளாதார நூலாரிடையே நெடுநாளாக நடந்துவரும் இந்த வழக்கிற்கு மலாயா ரப்பர் ஒரு தெளிவான சான்றாகும்.

விலை என்பது ஒரு செய்தி என்பர் தடையற்ற சந்தையை ஆதரிப்போர். பொருள் மிகுந்தால் விலை இறங்கும். அது கண்டு உற்பத்தியைக் குறைப்பர். பொருள் அருகினால் விலை ஏறும். அது கண்டு உற்பத்தியைப் பெருக்குவர். இச்செய்தியை அரசாங்கம் மாற்றி எழுதினால், அதை நம்பி நடப்போர் தவறான வழியில் செல்வர் என்பதே அவர்களது வாதம்.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து, மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. இராத்தலுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சு கிடைக்க வேண்டுமென்பது நோக்கம். 1925இல் விலையோ நான்கு ஷில்லிங்கையும் தாண்டிற்று. ஆனால் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகள் திட்டத்தில் சேரவில்லை. அங்குள்ள குடியானவர்கள் உயர்ந்த விலையைக் கண்டு புதிதாக ரப்பர் நட்டனர். அமெரிக்காவின் பயர்ஸ்டோன் லைபீரியாவிலும், போர்டு பிரேசிலிலும் தோட்டம் தேடினர். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது.

ரப்பர் கன்று பாலுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே, நல்ல விலையில் நட்ட மரங்கள் பால் தரத் தொடங்கியபோது உலகமே நெருக்கடியில் மூழ்கியிருந்தது. 1929இல் சுமார் 53 இலட்சம் மோட்டார் வண்டிகளைச் செய்த அமெரிக்கா, 1932இல் 13 இலட்சமளவே செய்தது. அவ்வாண்டு லண்டனில் ரப்பர் விலை இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. 1934இல் டச்சுக்காரரும் சேர, அனைத்துலகக் கட்டுப்பாடு ஏற்பட்டது.

இவ்வரலாற்றை ஆராய 1946இல் மலாயா வந்தவர் பீட்டர் பாவர் என்னும் பொருளாதார அறிஞர். சிறுதோட்டக்காரர்களின் நிலங்களை நேரில் பார்த்து, 1948இல் ரப்பர்த் தொழிலைப் பற்றி நூல் வெளியிட்டார். கட்டுப்பாட்டில் சிறுதோட்டக்காரருக்கு உரிய பங்கு அளிக்கப்படவில்லை. செலவு மிகுந்த பெருந்தோட்டங்களே காப்பாற்றப்பட்டன. புதிய நடவைத் தடுத்ததால் முன்னேற விரும்பியவனின் கை கட்டப்பட்டது என்று அவர் எடுத்துக்காட்டினார். எழுத்தறியாத குடியானவனும் விலையறிந்து தொழில் செய்வான் என்று கண்டதே அவரது பெருமை. தடையற்ற சந்தைக் கொள்கைக்கு மலாயாக் காடு தந்த வலுவான வாதம் இதுவாகும்.

இவ்வாதம் பெரும்பாலும் சரியே. ஆயினும் சிறுதோட்டக்காரனை வைத்துக் கண்ட உண்மை, லயத்துத் தொழிலாளிக்கு அப்படியே பொருந்துமா? விலை கெட்டால் சிறுதோட்டக்காரன் வெட்டுக் கத்தியைச் செருகி வைத்துவிட்டு நெல்லோ மரவள்ளியோ பயிரிட்டுக்கொள்வான். மரமும் காத்திருக்கும். பால்வெட்டுத் தொழிலாளியின் வயிறு காத்திருக்குமா?

1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நிர்ணயித்த நாட்கூலி, 1930இல் முறையே 40, 32 காசாயிற்று. பின்னர் அதுவும் நிலைக்கவில்லை. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அங்கே பலருக்கு நிலமுமில்லை, வேலையுமில்லை. விலை மீண்டபோது மறுபடியும் கப்பலேற்றினர். சந்தை சீர்ப்பட்டது உண்மைதான். அதற்காக வளைந்த முதுகு யாருடையது?

ஆகவே, விலையைக் காப்பதும் மனிதனைக் காப்பதும் ஒன்றல்ல என்பதே இவ்வரலாறு தரும் பாடம். விலையைத் தாங்கிப் பிடித்த திட்டங்கள் தோட்ட முதலாளியைத்தான் முதலில் தாங்கின. தொழிலாளிக்கு அதன் மிச்சமே கிட்டியது. விலை தன் போக்கில் ஏறி இறங்கட்டும். ஆனால் அது இறங்கும் நாளில் கைப்பிடி நிலமும் இல்லாதவன் பற்றிக்கொள்ள ஏதேனும் இருக்க வேண்டும். உழைப்பாளியின் சேமநிதியும், வேலை இழந்தோர்க்கான காப்புறுதியும் அந்த வகையைச் சேர்ந்தவை.

எம்மைப் போன்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒரு தொழில் கெட்டால் மற்றொன்றுக்குச் செல்லும் திறமையே பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய நிலம். அது கையிலிருப்பவனுக்கே சந்தை உண்மையில் தடையற்றதாகும்.