ஏழே நாள் பர்மிஷன்!

‘ரஃபிக்கி’ன்னா ஸ்வாஹிலி மொழியில ஃப்ரெண்டுனு அர்த்தம். கென்யாவுல ரெண்டு பொண்ணுங்க லவ் பண்ணினா, ஊருக்கு முன்னாடி அந்த வார்த்தைக்குள்ளதான் ஒளிஞ்சுக்கணும். அதையே படத்துக்குப் பேரா வெச்சுட்டார் டைரக்டர் வனூரி கஹியு.

கேனா, ஸிகி. ரெண்டு பேரோட அப்பாக்களும் தேர்தல்ல எதிரெதிர் வேட்பாளர்கள். (நம்ம ஊர் படம்னா இதுக்கே இடைவேளை விட்டிருப்பாங்க!) உகாண்டா எழுத்தாளர் மோனிகா அராக் டி ந்யேக்கோவுக்கு 2007-ல் கெய்ன் பரிசு வாங்கித் தந்த ‘ஜம்புலா ட்ரீ’ சிறுகதைதான் மூலம்.

2018 மே மாசம் கான் விழாவுக்குப் போன முதல் கென்யப் படம் இது. ஆனா, ஏப்ரல்லயே சொந்த ஊர்ல தடை! ஒரே பாலின உறவுக்கு 14 வருஷம் வரை ஜெயில்னு சட்டம் வெச்சிருக்கிற நாடாச்சே. ‘க்ளைமாக்ஸ் ரொம்ப நம்பிக்கையா இருக்கு, மாத்துங்க’ன்னு சென்சார் போர்டு கேட்க, வனூரி முடியாதுனுட்டார். அழுதுக்கிட்டே முடிஞ்சிருந்தா ஓகே போல!

ஆஸ்கர் போட்டிக்குப் போகணும்னா உள்ளூர் தியேட்டர்ல 7 நாள் ஓடியிருக்கணும். கோர்ட்டுக்குப் போனார். செப்டம்பர் 21-ம் தேதி, சரியா 7 நாளைக்கு மட்டும் தடையை விலக்கினாங்க. நைரோபியில ஹவுஸ்ஃபுல்! எட்டாவது நாள் மறுபடியும் தடை.

ஆஸ்கருக்கு கென்யா அனுப்பினது என்னவோ ‘சூப்பா மோடோ’ங்கிற வேற படத்தை.