பூனையின் முதுசொம்

முன்னோர் தேடிய பொருளோடு அவர்கள் பட்ட கடனும் பிள்ளைகளைச் சேர்வதுண்டு. வீட்டுப் பூனையின் உடலிலும் அத்தகைய முதுசொம் ஒன்று உண்டென்றால் நேயர்கள் வியப்புறலாம்.

வைரசுகளுள் ரெட்ரோவைரசு எனப்படும் வகை, தான் புகுந்த கலத்தின் பரம்பரைப் பொருளினுள்ளே தன் பிரதியைப் பதித்துவிடும். முட்டையை அல்லது விந்தை உண்டாக்கும் கலத்தில் அது பதிந்தால், குட்டிகளுக்கும் வழிவழியாகச் செல்லும்.

1964 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மிருகவைத்திய அறிஞர் வில்லியம் ஜறெற்றும் அவர்தம் துணைவரும் பூனைகளுக்குப் புற்றுநோய் விளைக்கும் வைரசு ஒன்றைக் கண்டறிந்தனர். இது பெரும்பாலும் உமிழ்நீர் வழியே தொற்றுவது. இதற்கு உறவான பழைய வைரசின் துண்டுகளோ, நோயே அறியாத பூனைகளிலும் பிறவியிலேயே காணப்படுகின்றன. அவை குறைபட்டவை, தாமாக நோய் பரப்பமாட்டா. ஆயினும், வெளியிலிருந்து அவ்வைரசு தொற்றுமிடத்து, அதனோடு கலந்து 'பீ' என்னும் புதிய உபவகையைத் தோற்றுவிக்கின்றன. கட்டிகள் தோன்றுவதோடு அவ்வகைக்குத் தொடர்புண்டு.

முதுசொம் முழுவதும் கடனன்று. வேறொரு பழைய வைரசின் துண்டு ஆக்கும் புரதம், சிலவகை வைரசுகள் கலத்தினுட் புகாவண்ணம் தடுக்கின்றது.

பிறப்போடு வந்ததை எவராலும் அகற்ற இயலாது. ஆனால் அதனைத் தீயதாக்கும் வெளித்தொற்றைத் தவிர்க்க வழியுண்டு. இரத்தப் பரிசோதனை செய்தலும், தொற்றுற்ற பூனையை வேறாக வைத்தலும், ஏனையவற்றுக்குத் தடுப்பூசி இடுதலும் அவ்வழிகளாம்.