ஆயிரம் கண்ணுடையாளும் இரண்டு கண் சாரதியும்

வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன் ஆலயத்துக்குச் செல்வது எமது குடும்பத்தின் நெடுநாள் வழக்கம். இம்முறை கல்லூரி நண்பர் ஒருவர் தமது காரில் எம்மையும் ஏற்றிச் சென்றார். ஜப்பானில் சில காலம் ஓடிவிட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்த கார் அது. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானையும் தாண்டியாயிற்று. போருக்குப் பின் புதுப்பிக்கப்பட்ட வீதி வழுவழுவென்று நீண்டு கிடந்தது.

பின்னாசனத்தில் இருந்த குழந்தை, குளிர்கிறது என்று சிணுங்கியது. நண்பர் முன்னால் ஒளிர்ந்த திரையில் விரலை வைத்தார். ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் தோன்றிற்று. எழுத்துகள் யாவும் ஜப்பானிய எழுத்துகள். மீண்டும் ஒரு தொடுகை. அதற்குள், “ஐயோ, கண்டு!” என்று அவருடைய மனைவியார் கூவினார். பிறேக் அலறியது. கார் நின்ற இடத்துக்கும் அந்தக் கன்றுக்கும் இடையே இரண்டு முழந்தான் இருக்கும். கன்றின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி பத்து வயதுச் சிறுவன் ஒருவன் திகைத்து நின்றான்.

“ஒரு செக்கன்தான் சேர் குனிஞ்சனான்” என்றார் நண்பர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அருகே இருந்து பார்த்த எமக்கு அது நான்கு விநாடிகளுக்குக் குறையாது என்றே பட்டது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. நான்கு விநாடியில் ஏறக்குறைய 78 மீற்றர். அவ்வளவு தூரத்தையும் எமது நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார் என்றால் அது மிகையன்று.

எமது தந்தையாரிடம் ஒரு மொரிஸ் மைனர் கார் இருந்தது. பெற்றோல் கிடையாத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்துப் புகை கக்கியபடி அது ஓடியதை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் விளக்குக்கு ஒரு குமிழ், மழை துடைப்பானுக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். தந்தையார் அவற்றைக் கண்ணால் தேடியதே இல்லை. இருட்டில் அடுப்படிக்குள் நுழைந்து தீப்பெட்டியை எடுக்கும் தாயின் கையைப்போல, அவர் கை தானாகவே உரிய இடத்துக்குச் செல்லும். விரலுக்கும் ஒரு ஞாபகம் உண்டன்றோ? கண்ணாடித் திரையிலோ மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. ஆகவே விரலுக்கு வழிகாட்டக் கண்ணும் கூடவே செல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணுக்கோ வீதியில் வேலை காத்திருக்கிறது. எழுத்தும் அறியாத மொழியாகிவிட்டால் கண் திரும்பிவர இன்னும் தாமதம் ஆகும்.

இந்தத் தொடுதிரை நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே தனது ரிவியேரா காரில் சின்னஞ்சிறு தொலைக்காட்சிப் பெட்டி போன்ற ஒன்றைப் பொருத்திப் பார்த்தது. வாங்கியோர் முகம் சுளிக்கவே சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. பின்னர் 2012இல் டெஸ்லா நிறுவனம் 17 அங்குலத் திரையுடன் ஒரு காரை வெளியிட்டது. மற்றையோரும் அவ்வழியே சென்றனர். பார்வைக்கு அழகு என்பது ஒரு காரணம். பல குமிழ்களையும் அவற்றுக்கான கம்பிகளையும் பொருத்துவதைவிட ஒரே திரையை வைப்பது உற்பத்தியாளருக்கு இலாபம் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை அவர்கள் விளம்பரத்தில் சொல்வதில்லை!

2022இல் சுவீடன் நாட்டு மோட்டார் சஞ்சிகையான ‘வீ பீலேகரே’ ஒரு சோதனை நடத்திற்று. புதிய கார்கள் பதினொன்றுடன், 2005ஆம் ஆண்டின் பழைய வொல்வோ ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டியபடியே வானொலியை மாற்றுதல், இருக்கையைச் சூடாக்குதல் போன்ற சில வேலைகளைச் சாரதி செய்து முடிக்க வேண்டும். குமிழ்கள் நிறைந்த பழைய வொல்வோவில் அதற்குப் பத்து விநாடி போதுமாயிருந்தது. கார் ஓடிய தூரம் 306 மீற்றர். திரையுடன் கூடிய புதிய கார் ஒன்றிலோ ஏறக்குறைய 45 விநாடி பிடித்தது. ஓடிய தூரம் 1,372 மீற்றர்! எமது நண்பர் இதைக் கேட்டுச் சற்று ஆறுதல் அடைந்தார்.

கடலிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 2017 ஓகஸ்ட் 21ஆம் திகதி சிங்கப்பூருக்கு அருகே, அமெரிக்கப் போர்க்கப்பலான ‘ஜோன் எஸ். மக்கெயின்’ எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதியது. மாலுமிகள் பத்துப்பேர் மாண்டனர். கப்பலைத் திருப்புவதும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் தொடுதிரையில் அமைந்திருந்தன. எந்தக் கட்டுப்பாடு எவர் கையில் இருக்கிறது என்பதில் மாலுமிகள் குழம்பிப் போயினர். போதிய பயிற்சியின்மையும் சேர்ந்துகொண்டது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, வேகக் கட்டுப்பாட்டுக்குப் பழையபடி கைபிடிகளையே பொருத்தத் தீர்மானித்தது. பரந்த கடலில் பலர் கூடிநின்று செலுத்திய கலத்துக்கே இந்தக் கதி.

கார் உலகிலும் காற்று மெல்லத் திசை மாறுகிறது. முக்கிய வேலைகளுக்குப் பொத்தான்களையே மீண்டும் வைப்போம் என்று வொக்ஸ்வாகன் நிறுவனம் 2025இல் கூறியது. ஐரோப்பாவில் புதிய கார்களைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் அமைப்பும், சமிக்ஞை விளக்கு, ஹோர்ன், மழை துடைப்பான் முதலியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்போ இருத்தல் வேண்டும் என்பதை 2026 முதல் தனது மதிப்பீட்டில் சேர்த்துள்ளது. நல்லதே. ஆயினும் அங்கே இன்று வெளிவரும் கார் எமது வீதிக்கு வந்துசேரச் சில ஆண்டுகள் ஆகும். 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்டிருக்கும் இவ்வேளையில் எமக்கு வருவன திரைக் கார்களே.

எமது வீதியோ சுவீடன் வீதி அன்று. மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள் வரும், இரவானால் சில இடங்களில் யானையும் கடக்கும். பொங்கற் காலத்திலோ கைக்குழந்தைகளுடன் கால்நடையாக வருவோர் ஒருபுறம், யாழ்ப்பாணத்திலிருந்து வேலைத் தாங்கிக் கதிர்காமம் நோக்கி நடக்கும் பாதயாத்திரிகர் மறுபுறம்.

கோவிலை அடைந்தோம். முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்திலிருந்து மடைப்பண்டமெடுத்து வந்திருந்தனர். அம்மை முதுமகளாக நந்திக்கடலோரம் வந்து, மாடு மேய்க்கும் சிறுவர்களைத் தலையில் பேன் பார்க்கச் சொன்னாள் என்பதும், கூந்தலை விலக்கிய சிறுவர்கள் ஆயிரம் கண்களைக் கண்டனர் என்பதும் இத்தலத்தின் ஐதிகம். அக்கதையை நண்பரின் குழந்தைக்கு நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். “அம்மாளுக்கெண்டால் ஒரு கண்ணாலை திரையைப் பாத்தாலும் மிச்சக் கண் இருக்கு” என்றார் அவருடைய மனைவியார், கணவரைப் பாராமலே.

திரும்பும்போது விடிந்துகொண்டிருந்தது. தண்ணீரூற்றைக் கடக்கையில் குழந்தை மறுபடி குளிர்கிறது என்றது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. காரை வீதியோரம் ஒரு வேம்பின் கீழ் நிறுத்தினார். அவர் திரையில் எதையோ தேடிக்கொண்டிருக்க, பொங்கல் முடிந்து வீடு திரும்பும் ஒரு கூட்டம் தலையில் பானைகளுடன் எமது காரைக் கடந்து போயிற்று.