காலை எடுத்தும் பிரேக் விடவில்லையா?

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றைக் கடந்து, மதுராந்தகம் போகும் வழியில் இருக்கிறது படாளம். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. கரும்பு வெட்டும் காலம் வந்துவிட்டால், பாரம் ஏற்றிய வண்டிகள் ஆலையை நோக்கி வந்த வண்ணம் இருக்கும்.

பாரம் இழுக்கும் பழைய லாரிகளுக்கு ஒரு நோய் உண்டு. டிரைவர் பிரேக்கில் இருந்து காலை எடுத்து விடுவார். ஆனால், பிரேக் சக்கரத்தை விடாது!

வண்டி இழுக்காது. டீசல் அதிகம் செலவாகும். கருகல் வாடை வரும். கவனிக்காமல் ஓட்டினால் சக்கரத்துக்குள் இருக்கும் கிரீஸ் உருகி ஓடிவிடும். பேரிங் உடையும். டயர் தீப்பிடிப்பதும் உண்டு. காய்ந்த தோகையோடு கரும்பு ஏற்றிய லாரி என்றால் கேட்கவே வேண்டாம்!

எண்ணெய் செய்யும் வேலை

புதிய பெரிய லாரிகளில் இருப்பது காற்று பிரேக். பழைய லாரிகள் பலவற்றில் எண்ணெய் பிரேக்தான். காலால் மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெய் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் பாய்கிறது. அது பிரேக் கட்டைகளைத் தள்ளி, டிரம்மோடு அழுத்துகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் கட்டைகளை இழுக்கும். எண்ணெய் வந்த வழியே திரும்பும்.

திரும்ப வழி இல்லாவிட்டால்? பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

எங்கே கோளாறு?

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோனால் தெரிந்துவிடும். தொடக் கூடாது, தோல் உரிந்துவிடும். எல்லாச் சக்கரமும் சூடாக இருந்தால், மாஸ்டர் சிலிண்டர் மீது சந்தேகப்படலாம். பின் சக்கரங்கள் மட்டும் சூடா? கைபிரேக்கை முதலில் பார்க்க வேண்டும். அதை முழுதாக விடாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்!

ஒரே சக்கரம் என்றால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்க வேண்டும். பிரேக்கை மிதித்து விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையா? காற்று எடுக்கும் நிப்பிளைச் சிறிது தளர்த்த வேண்டும். எண்ணெய் பீறிட்டு வந்து சக்கரம் சுற்றினால், எண்ணெய் திரும்ப முடியாமல் சிக்கியிருந்தது என்று அர்த்தம். அப்போதும் சுற்றாவிட்டால் கோளாறு டிரம்முக்குள்ளே: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும்.

எண்ணெயை மறித்த கள்ளன் பெரும்பாலும் ரப்பர் ஓஸ். வெளியே பார்த்தால் புதிதுபோல இருக்கும். உள்ளே ஊதி அடைத்திருக்கும்! காலால் மிதிக்கும் வேகத்தில் எண்ணெய் புகுந்துவிடும். திரும்பும்போது அந்த வேகம் ஏது?

இன்ஜின் எண்ணெயைப் பிரேக்கில் ஊற்றுவது பெரிய தப்பு. அது ரப்பரை ஊத வைக்கும். பிரேக் எண்ணெயை டப்பா திறந்தபடி வைத்தாலும் கெடுதிதான். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். துரு வருவது அதனால்தான்.

அவசரக்காரர்கள் கட்டையை மட்டும் தளர்த்திவிட்டுப் புறப்படுவார்கள். சக்கரம் சுற்றும். ஆனால் அடுத்த முறை மிதிக்கும்போது, பெடல் தரைவரை போகும்; வண்டி நிற்காது!

கோளாறைச் சரிசெய்த பிறகு குழாயில் புகுந்த காற்றை எடுத்தாக வேண்டும். காய்ந்த டிரம் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் டிரம் வெடித்துவிடும். தானாக ஆறும்வரை லாரி சாலை ஓரத்தில் நிற்கட்டும். கரும்பு சற்றுத் தாமதமாக ஆலைக்குப் போகலாம்.