உடம்பு முடியலையா? உடனே ராஜினாமா எழுதாதீங்க!

பீர்க்கன்கரணையில் விடியற்காலை நாலு மணிக்கே பல வீடுகளில் விளக்கு எரியும். முதல் ஷிஃப்ட் பஸ் டிரைவர், தண்டவாளத்தில் வேலை பார்க்கும் ரயில்வே ஊழியர், மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஜி.எஸ்.டி. சாலைக்கு ஓடுகிறவர், மெப்ஸில் நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்கிற பெண்... இவர்களுக்கெல்லாம் உடம்புதான் மூலதனம். அந்த உடம்பு ஒருநாள் மக்கர் பண்ணினால்?

"இனிமே நம்மால முடியாது. எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்பார் வீட்டுக்காரர். "ஆமாங்க, உடம்பைவிட வேலையா பெரிசு?" என்று நீங்களும் சொல்வீர்கள். அன்பில் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் தயவு செய்து எழுத விடாதீர்கள்!

காரணம் இருக்கிறது. அரசுத் துறையிலோ, அரசுக்குச் சொந்தமான போக்குவரத்துக் கழகம் போன்ற நிறுவனத்திலோ பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால், அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பதவியையும் குறைக்கக் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். காலியிடமே இல்லையென்றால்? அவருக்கென்றே ஒரு கூடுதல் பணியிடத்தை உண்டாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு இது. 1995-ம் வருடச் சட்டத்திலும் 47-வது பிரிவாக இருந்ததுதான்.

குணால் சிங் என்ற காவலரின் வழக்கைச் சட்டம் தெரிந்தவர்கள் அடிக்கடி சொல்வார்கள். காலில் காயம் பட்டு, அது அழுகி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. "நீ வேலைக்கு லாயக்கில்லை" என்று படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பென்ஷன்தான் கொடுக்கிறோமே என்றது அரசு. பென்ஷன் கொடுத்தால் மட்டும் கடமை தீராது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. (2021-ல் துணை ராணுவப் படையினருக்கு இந்தப் பிரிவிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. பஸ் டிரைவருக்கும் தண்டவாள ஊழியருக்கும் அந்த விலக்கு பொருந்தாது.)

2025 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. தெலங்கானா அரசு பஸ் டிரைவர் ஒருவருக்கு நிறக்குருடு என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. வேலை போயிற்று. அவருக்கு மாற்று வேலை கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அங்கே கைகொடுத்தது எது தெரியுமா? 1979-ல் தொழிற்சங்கம் போட்டு வைத்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதி! சங்கத்துக்குச் சந்தா கட்டுவதோடு நிற்காமல், பழைய ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ரயில்வேயில் இதற்கு 'டீகேட்டகரைஸ்' பண்ணுவது என்று பெயர். தாம்பரத்துக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய வார்த்தை. ரயில் ஓட்டுகிறவர் கண்பார்வை குறைந்து அப்படி மாற்றப்பட்டால், ரன்னிங் அலவன்ஸுக்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் புது வேலையில் சம்பளம் நிர்ணயிப்பார்கள்.

சரி, சட்டம் இவ்வளவு பலமாக இருந்தும் வேலை எப்படிப் போகிறது? நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஊனத்தால் இல்லை... ஆப்சென்ட்டால்! முதுகு வலியோடு வீட்டில் படுத்திருப்பார். "மேனேஜர் கிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்பார். இரண்டு மாதம் கழித்து, அனுமதியில்லாமல் வேலைக்கு வரவில்லை என்று மெமோ வரும். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது? விடுப்புக் கடிதத்தையும் டாக்டர் சர்டிஃபிகேட்டையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதையும் நகலையும் பீரோவில் வையுங்கள். லீவு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கடிதம் போக வேண்டும்.

'லைட் டூட்டி'யும் அப்படித்தான். நல்ல அதிகாரி வாய் வார்த்தையாகக் கொடுப்பார். அவர் மாற்றலாகிப் போனதும், அடுத்தவர் "யார் சொன்னது?" என்பார். டாக்டரிடம் "ஓய்வு தேவை" என்று மொட்டையாக எழுதி வாங்காதீர்கள். எவ்வளவு எடைக்கு மேல் தூக்கக் கூடாது, எவ்வளவு நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரவோ நிற்கவோ கூடாது, எத்தனை மாதத்துக்கு என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். மெடிக்கல் போர்டுக்குப் போகும்போது இதுதான் பேசும்.

தனியார் கம்பெனிக்காரர்களுக்கு அந்த 20-வது பிரிவுப் பாதுகாப்பு கிடையாது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் வழி உண்டு. சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள்வரை, சம்பளத்தில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டிருந்தால் 90 சதவீதம், வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுக்க! அதனால்தான் விபத்தை அன்றைக்கே கம்பெனி பதிவேட்டில் எழுத வைப்பது முக்கியம். எழுதாவிட்டால் வேலையில் பட்ட அடி என்று நிரூபிக்கப் பின்னால் அலைய வேண்டிவரும். வேலைக்குப் போகும் வழியில் ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தால்கூட, வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்று காட்ட முடிந்தால், அதுவும் வேலையில் பட்ட அடிதான்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகு பிடித்தால் மாதக்கணக்கில் படுக்க வைப்பது பழைய வைத்தியம். ஓரிரு நாளைக்கு மேல் படுத்தால் தசை இன்னும் பலவீனமாகும். வலி பொறுக்கிற அளவுக்கு நடமாட விடுங்கள். பெரும்பாலான முதுகு வலி ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகக் குறையும். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி! நாளைக்குப் பார்க்கலாம் என்பது ஆபத்து.

நிரந்தர ஊனம் என்று ஆகிவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாம்பரம் பக்கத்துக்காரர்கள் பழக்கத்தில் சென்னைக்கு ஓடுகிறார்கள். பீர்க்கன்கரணை தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டாலும் மாவட்டம் செங்கல்பட்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அங்கேதான். போகிறபோது எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிமோடு ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். துணைக்கு ஒருவர் கூடப் போனால் நல்லது, வரிசையில் நிற்க!