ஓடும் மனங்கள் – 9: ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்

ஓட்டத்தையே பிரார்த்தனையாகக் கொண்டவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், நம்பிக்கைக்காக ஓட மறுத்த ஒருவர்.

எரிக் லிடல், ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதிக்கு 1902-ல் சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தவர். 1923-ல் 100 கஜத்தை 9.7 வினாடிகளில் ஓடி பிரிட்டிஷ் சாதனை படைத்தார். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரிடம் 100 மீட்டர் தங்கத்தை எதிர்பார்த்தார்கள். ஆனால் முதல் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. கர்த்தருடைய ஓய்வு நாளில் ஓட மாட்டேன் என்றார் லிடல்.

'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981) படத்தில், கப்பலேறும் நேரத்தில்தான் அவருக்கு விஷயமே தெரியவரும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். கேலியையும் கண்டனத்தையும் தாங்கிக்கொண்டு 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். இறுதிப்போட்டி ஞாயிறன்று வந்த இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டுவிட்டார்.

ஜூலை 11, கொலம்ப் மைதானம். 400 மீட்டர் இறுதி ஓட்டம். ஸ்டார்ட்டிங் பிளாக் இல்லாத காலம். சிறு கரண்டியால் தடத்தில் குழி தோண்டிக் காலை ஊன்றவேண்டும். லிடலுக்கு வெளிக்கோடித் தடம். அதில் ஓடுபவருக்குப் பின்னால் வருகிறவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். வேகத்தைத் தானே கணிக்கவேண்டும். முதல் பாதியை அவர் சுமார் 22 வினாடிகளில் கடந்தபோது, பாதியிலேயே துவண்டுவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்தபடி ஓடியவர் 47.6 வினாடிகளில் உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

கீழ்ப்படிந்தவருக்குக் கடவுள் கொடுத்த பரிசு என்று பலரும் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அன்று அவர் கடைசியாக வந்திருந்தாலும், எடுத்த முடிவின் எடை குன்றிமணி அளவும் குறைந்திருக்காது.

1925-ல் சீனாவுக்கே ஆசிரியராக, மிஷனரியாகத் திரும்பினார். 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்து அங்கே கிடந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை நடத்தினார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு, நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடிய பிள்ளைகள் அடிதடியில் இறங்கிவிட்டார்கள். அதன்பின் ஞாயிறன்றும் நடுவராக வந்து நின்றார் லிடல்.

ஒலிம்பிக் தங்கத்துக்காக மீறாத விதியை அந்தப் பிள்ளைகளுக்காக மீறினார். இதில் நான் முரண்பாட்டைக் காணவில்லை. தன் பேருக்காக வளைய மறுத்தவர், பிறர் நலனுக்காக வளைந்தார். முகாம் விடுதலையாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1945 பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால் 43 வயதில் இறந்தார். கொள்கைப் பிடிப்புள்ள வீரர் என்று யாரையாவது புகழும்போது, அந்தப் பிடிப்பு யாருக்கு உதவுகிறது என்பதையும் நாம் பார்க்கவேண்டும். லிடலை நான் மதிப்பது பதக்கத்தைவிட அந்த ஹாக்கி ஆட்டத்துக்காகவே.

அடுத்த வாரம்: ரமலான் மாதத்தில் வந்த 2012 லண்டன் ஒலிம்பிக்கும், நோன்பைத் தள்ளிவைத்து ஓடிய மோ ஃபாராவும்.

(தொடரும்)